நெய்தல் கரையும் நெடுந்தொடரின் ஒரு வாரமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாகக் கவிதையையே பேசிவந்த ஓர் அவையில் தொலைக்காட்சி நெடுந்தொடரைப் பேசுபொருளாகக் கொள்வது சிலர்க்கு வியப்பளிக்கலாம். சிலர்க்கு முகச்சுளிப்பையும் தரலாம். ஆயினும், தமிழ்நாட்டு இல்லங்களில் நாள்தோறும் தவறாது கேட்கப்படும் கதை எது என்று வினவினால், விடை கவிதை நூல்களிலும் புதினங்களிலும் கிடைப்பதில்லை. அது மாலையில் ஒளிரும் சின்னத்திரையில் இருக்கிறது. மக்கள் எந்தக் கதைக்கு அழுகிறார்கள் என்பதை அறிவது கவிதை எழுதுவோர்க்கும் உரிய கடமையே.

இவ்வுரைக்குக் களம் தோணிரேவு. திருவள்ளூர் மாவட்டத்தில், சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கரையில் அமைந்த மீனவ ஊர் அது. தோணி நல்ல தமிழ்ச் சொல். ரேவு என்பது துறையைக் குறிப்பதாய்த் தெலுங்கில் வழங்கும் சொல். தோணித்துறை என்பதே ஊர்ப்பெயரின் பொருள். ஏரியின் பெரும்பரப்பு ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்திருப்பதற்கு ஊர்ப்பெயரே சான்றாக நிற்கிறது. 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்திற்குப் பின், இத்தகைய கரையோர ஊர்களின் எளிய வீடுகளிலும் நெடுந்தொடர் குடியேறியது.

வாரத்தின் வடிவம்

நெடுந்தொடரின் ஒரு வாரத்தைக் கூர்ந்து நோக்கினால் அதன் இலக்கணம் புலப்படும். முன்பு திங்கள் முதல் வெள்ளி வரை ஒளிபரப்பாயிற்று. பின்னர்ச் சனிக்கிழமையும் சேர்ந்தது. சென்ற வாரம் பெரும் முடிச்சில் நின்ற கதை, திங்களன்று எளிதாய் அவிழும். இடிந்து விழும் என்று அஞ்சிய சுவர் இலேசாகக் கீறியதோடு நின்றுவிடும். செவ்வாயன்று அச்செய்தி கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து மாடிக்கும் பரவும். புதனன்று ஒருவர் பேச்சை மற்றொருவர் கதவுக்குப் பின்னின்று பாதியாய்க் கேட்பார். வியாழனன்று அந்தப் பாதிப் பேச்சு முழுப் பகையாகும். வெள்ளியன்று விளக்கேற்றும் வேளையிலோ கோயில் வாசலிலோ ஒரு பெண் கண்ணீர் வடிப்பாள். சனியன்று யாரோ கதவைத் திறந்து உள்ளே வருவார். முகங்கள் ஒவ்வொன்றாய் அதிரும். வந்தவர் யார் என்பது மறுதிங்கள் வரை மறைபொருளாய் நிற்கும். எல்லாத் தொடரும் எல்லா வாரமும் இம்முறையை அப்படியே பின்பற்றும் என்பதில்லை. எனினும், பார்த்துப் பழகியோர்க்கு இவ்வரிசை அந்நியமாய்த் தோன்றாது.

இவ்வடிவத்திற்குத் தொழில்முறைக் காரணங்கள் உண்டு. சென்னையின் சாலிகிராமம், வளசரவாக்கம் போன்ற பகுதிகளின் வாடகை வீடுகளில் படப்பிடிப்பு நிகழ்வதால், கதை கூடத்தை விட்டு வெளியேறுவது செலவாகிறது. நடிகர் விலகினால் பாத்திரம் வெளியூர் செல்லும். அன்றி, ‘இனி இவருக்குப் பதில் இவர்’ என்ற ஓர் அறிவிப்போடு புதிய முகம் தோன்றும். 2015 முதல் பார்வையாளர் அளவீட்டுக் குழுமத்தின் கணக்கு வியாழன்தோறும் வெளிவரத் தொடங்கியபின், எந்தப் பாத்திரம் வளரும், எது தேயும் என்பதை அவ்வெண்ணும் தீர்மானித்து வருகிறது. கதைமாந்தர் வாயோயாது பேசிக்கொண்டேயிருப்பதற்கும் காரணம் உண்டு. அடுப்படியில் நிற்பவளும், வலையைப் பழுது பார்ப்பவனும், ஓலை முடைபவளும் கண்ணைத் திரையில் வைக்க இயலாது; காதாலேயே கதையைத் தொடர்கின்றனர்.

காத்திருப்பு தமிழ் வாசகர்க்குப் புதிதன்று. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, ஓர் அத்தியாயத்திற்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு முழு வாரம் இருந்தது. அவ்வாரம் வாசகனுக்கு உரியது. அவன் கதையை எண்ணினான், பிறரோடு வாதிட்டான், தானே ஒரு முடிவும் கட்டினான். நாள்தொடரில் அந்த இடைவெளி ஒரு நாளாய்ச் சுருங்கிவிட்டது. எண்ணிப் பார்ப்பதற்குள் அடுத்த கண்ணீர் வந்துவிடுகிறது.

உரிப்பொருள் மட்டும்

இக்குறைகளைக் கொண்டு நெடுந்தொடரை எள்ளி ஒதுக்குவது எளிது. ஆனால் அது நேர்மையாகாது. 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான, திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’யில் ஐந்து பெண்களைப் பெற்ற தந்தை ஒருவர் ஒவ்வொருத்தியையும் கரையேற்றப் படும் துயரமே கதை. புகுந்த வீட்டில் மகள் வாய்மூடி நிற்பதும், தந்தை கையறு நிலையில் திரும்புவதும் பல்லாயிரம் வீடுகளில் உண்மையாய் நிகழ்ந்தவை. 2020இல் பெருந்தொற்றால் படப்பிடிப்புகள் நின்றபோது அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பாகி மீண்டும் விரும்பிப் பார்க்கப்பட்டது. பொய்க் கண்ணீருக்கு இத்தகைய ஆயுள் வாய்ப்பதில்லை.

எனின், குறை யாது? விடையைத் தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாட்டில் தேடலாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலத்து உயிர்களும் உணவும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள். நெய்தலுக்கு உரிய சிறுபொழுது எற்பாடு. அதனைக் கதிர் சாயும் பொழுது எனப் பலரும் கொள்வர். அதன் உரிப்பொருள் இரங்கல். நெடுந்தொடரின் பொழுதும் பெரும்பாலும் மாலையே. அதன் உரிப்பொருளும் இரங்கலே. இந்த ஒப்புமை வியக்கத்தக்கது. ஆனால் தொடரின் இரங்கலுக்கு நிலம் இல்லை. நிலத்தில் நிகழும் தொழில் இல்லை. அவ்வீட்டில் யாவரும் உண்கின்றனர். சோறு எங்கிருந்து வந்தது என்று கதை சொல்வதில்லை. தொழிலதிபர் என்று அழைக்கப்படுபவர் தொழில் செய்யக் காணோம். மழைக்காலமும் கோடையும் அக்கூடத்தில் ஒன்றே.

உரிப்பொருளே மூன்றினும் சிறந்தது என்பது தொல்காப்பியர் கருத்தாயிற்றே என்று வினவலாம். உண்மைதான். ஆனால் சிறந்தது என்று சொன்னவர் ஏனைய இரண்டையும் நீக்கிவிடச் சொல்லவில்லை. கானலும் புன்னையும் கழியும் அற்ற இரங்கல் எவருடைய துயரமும் ஆகலாம். ஆதலால் அது எவருடையதாகவும் நிலைப்பதில்லை.

ஏரியின் வாரம்

தோணிரேவு போன்ற ஊர்களில் வாரத்தை ஆள்வது நீர். அமாவாசையும் பௌர்ணமியும் நெருங்கினால் நீரோட்டம் வலுக்கும். இறால் வரத்தும் அதனை ஒட்டி மாறும். கடலுக்கும் ஏரிக்கும் இடையே உள்ள முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் கடல்நீர் வரத்துக் குறையும். மீனும் இறாலும் உள்ளே வரும் வழி அடைபடும். முகத்துவாரம் திறக்குமா என்ற கேள்வியைவிடப் பெரிய முடிச்சு எந்தத் தொடரின் சனிக்கிழமையிலும் இருந்ததில்லை.

இவ்வேரியில் ‘பாடு’ என்னும் பழமையான முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு அது. தமக்குரிய நாளையும் இடத்தையும் எதிர்நோக்கிக் குடும்பங்கள் காத்திருக்கின்றன. அவ்வுரிமை எல்லா ஊரினர்க்கும் எல்லாச் சாதியினர்க்கும் கிட்டியதில்லை. அதனால் எழுந்த பூசல்களும் பல. பகிர்வின் அறமும் விலக்கின் கொடுமையும் ஒரே சொல்லுக்குள் அடங்கியுள்ளன. பாடு என்றால் உழைப்பு, துன்பம், முறை. அதுவே பாடுக என்னும் ஏவலுமாகும். கவிஞர்க்கு இதைவிட வேறு அழைப்பு வேண்டுமோ?

ஏரியின் ஆழமற்ற நீரில் இருளர் குலப் பெண்கள் ஓலைப் பறியைப் பல்லிற் கடித்துக்கொண்டு, இரு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பர். வாயில் பறி இருப்பதால் அந்நேரம் பேச்சில்லை. பேச்சாலேயே நடக்கும் நெடுந்தொடரில் அந்த மௌனத்திற்கு இடமில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்து இக்கரை மீனவர் ஆண்டுக்கணக்கில் எழுப்பிய குரலுக்கும் அங்கே இடமில்லை. பகலில் தன் வாழ்வாதாரத்திற்காகக் குரல் கொடுத்த பெண், இரவில் வேறொருத்தியின் சொத்து வழக்கிற்காகக் கண்ணீர் விடுகிறாள். அவள் கண்ணீர் உண்மையானது. அவள் கதைதான் திரையில் இல்லை.

வெளியுலகம் நுழைந்த வாரம்

தொழிலும் காலமும் நெடுந்தொடருள் நுழையவே இயலாது என்பதற்கில்லை. 2003 முதல் 2009 வரை ஒளிபரப்பான ‘கோலங்கள்’, கட்டடத் தொழிலில் ஊன்றி நிற்கும் ஒரு பெண்ணை நடுவே வைத்தது. அதனை இயக்கிய திருச்செல்வமே பின்னர் ‘எதிர்நீச்ச’லையும் இயக்கினார். அதில் ஆதிக்கக் குடும்பத் தலைவராய் நடித்த மாரிமுத்து, 2023 செப்டம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை, அத்தொடருக்குக் குரல் கொடுக்கச் சென்றவிடத்தில் உடல்நலம் குன்றி மறைந்தார். எந்த முடிச்சையும் தள்ளிப்போடும் கலைக்கு, தள்ளிப்போட இயலாத ஒன்று அந்த வாரம் நேர்ந்தது. பின்னர் அப்பாத்திரத்தை ஏற்றவர் ‘குற்றப்பரம்பரை’ நாவலாசிரியர் வேல ராமமூர்த்தி. எழுத்துக்கும் சின்னத்திரைக்கும் இடையே உள்ள சுவர் எண்ணியதைவிட மெல்லியது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஆகவே, நெடுந்தொடரைப் பழிப்பதால் பயனில்லை. அது உரிப்பொருளைக் காத்து வைத்திருக்கிறது. முதலையும் கருவையும் சேர்க்க வேண்டியது எழுதுவோர் பொறுப்பு. முகத்துவாரம் தூர்ந்த மாதத்தில் ஒரு வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது, சீட்டு விழாத ஆண்டில் ஒரு திருமணம் எப்படித் தள்ளிப்போயிற்று, பறியை வாயிற் கடித்தவள் கரையேறியதும் முதலில் பேசிய சொல் யாது — இவை எழுதப்பட்டால், எற்பாட்டுப் பொழுதில் தோணிரேவுப் பெண் கேட்பதற்குத் தன் கதையும் ஒன்று இருக்கும். இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுகளில் அக்கதைகளுள் சிலவேனும் இங்கே அரங்கேறுமாக.