சும்மா நிற்கிற வண்டி



சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்துத் தங்கி, கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போகும்போது காரை ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். திரும்பி வந்து சாவியைத் திருகினால், 'டிக் டிக்' சத்தம்தான். செல்ஃப் எடுக்காது.

"வண்டி சும்மாதானே நின்றது?"

சும்மா நின்றதுதான் காரணம்!

மண்பானைத் தண்ணீரை யாரும் மொள்ளாவிட்டாலும், கசிந்து குறையும். பேட்டரியும் அப்படித்தான். போதாததற்குக் கடிகாரமும் அலாரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும்.

சார்ஜ் குறைந்த பேட்டரியை அப்படியே விட்டால், உள்ளே ஈயத் தகடுகளில் ஒரு படிவு இறுகிவிடும், மழைக்காலத்து ஜாடி உப்பு மாதிரி. அப்புறம் சார்ஜ் சரியாக ஏறாது.

என்ன செய்யலாம்? முதலில் முழு சார்ஜ். பிறகு, மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில். மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாதம் ஒருமுறை மறுபடி சார்ஜ்.

வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைத்தால் போதாது. நின்றதில் குறைந்த சார்ஜ் அதற்குள் முழுதாகத் திரும்பாது.

சும்மா நின்றாலும் பேட்டரி குறையும். ஊருக்குக் கிளம்புமுன், வீட்டைப் பூட்டுகிற கையோடு அந்த மைனஸ் வயரையும் கழற்றிவிடுங்கள்!