கணினியின் நோயும் நிலைபொருள் மருந்தும்

நோயாளி கைவைத்துக் காட்டும் இடம் ஒன்று. நோய் குடியிருக்கும் இடம் வேறொன்று. தோளிலே நோவு என்று வந்தவருக்கு இருதயத்திலே கோளாறு இருப்பதுண்டு. வைத்தியர்கள் நன்கறிந்த இவ்வுண்மை இயந்திரங்களுக்கும் பொருந்தும்.

2023ஆம், 2024ஆம் ஆண்டுகளில், விலையுயர்ந்த மேசைக் கணினிகளை வாங்கிய பலர் ஒரு விசித்திரமான தொல்லைக்கு ஆளாயினர். விளையாட்டு நிரல் ஒன்றைத் தொடங்கியதும் அது இடைநடுவே அறுந்து நின்றுவிடும். வரைகலை நினைவகம் போதவில்லை என்ற கருத்துடைய அறிவித்தல் திரையிலே தோன்றும். வரைகலை அட்டையிலோ நினைவகம் தாராளமாக இருக்கும். அட்டையை மாற்றினாலும் தொல்லை தீராது. விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவினாலும் தீராது. நோய் அட்டையிலும் இல்லை, விண்டோஸிலும் இல்லை. அது கணினியின் மூளையாகிய நுண்செயலியில் இருந்தது. அதற்கான மருந்து வந்ததோ தாய்ப்பலகையின் வழியாக. அந்த மருந்து எத்தகையது, அதன் வல்லமை எவ்வளவு, அதன் எல்லை எது என்பவற்றை அறிந்துகொள்வது கணினி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் பயன் தரும்.

கணினியிலே தொட்டறியக்கூடிய உறுப்புகள் வன்பொருள் எனப்படும். அவற்றை ஏவி வேலை வாங்கும் நிரல்கள் மென்பொருள் எனப்படும். இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது நிலைபொருள். தாய்ப்பலகையில் ஒட்டப்பட்ட ஒரு சிறு சில்லுக்குள் அது தங்கியிருக்கும். விடியுமுன் கோயிலுக்கு வந்து, கதவு திறந்து, கூட்டித் துடைத்து, விளக்கேற்றி, பூசகர் வந்ததும் ஒதுங்கி நிற்கும் ஊழியரைப் போன்றது அதன் பணி. கணினிக்கு மின்சாரம் கிடைத்தவுடன் முதலில் விழித்தெழுவது அதுவே. நுண்செயலி இருக்கின்றதா, நினைவகம் இயங்குகின்றதா, வட்டு எங்கே உள்ளது என்று ஒவ்வொன்றாகச் சோதித்து ஆயத்தஞ்செய்து, பின்னர் விண்டோஸ், லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமையிடம் ஆட்சியை ஒப்படைக்கும். நுண்செயலிக்கு எவ்வளவு மின்வலு வழங்கலாம் என்ற வரம்புகளும் அதன் பொறுப்பிலேயே உள்ளன.

இந்த நிலைபொருளுக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த பெயர் பயோஸ். அமெரிக்கரான கேரி கில்டோல் 1970களின் நடுப்பகுதியில் தமது முறைமையின் ஒரு பகுதிக்கு இட்ட பெயர் அது. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் அந்த நிரல் அழிக்க இயலாத சில்லில் பொறிக்கப்பட்டிருந்தது. அதைத் திருத்தவேண்டின் சில்லையே கழற்றி வேறொன்றை மாட்டவேண்டும். யப்பானிலே தொஷிபா நிறுவனத்தின் பொறியியலாளர் புஜியோ மசுவோக்கா 1984இல் அறிமுகஞ்செய்த பிளாஷ் நினைவகம் இந்நிலையை மாற்றியது. மின்சாரம் நின்றாலும் மறவாததும், வேண்டியபோது அழித்தெழுதக் கூடியதுமான அந்நினைவகம் தாய்ப்பலகையில் ஏறியபின், சில்லைக் கழற்றாமலே நிலைபொருளைப் புதுப்பிக்க வழி பிறந்தது. பிற்காலக் கணினிகளில் யூ.இ.எப்.ஐ. என்னும் விரிந்த முறை பயோஸின் இடத்தைப் பிடித்துக்கொண்ட போதிலும், பழைய பெயர் மக்கள் வாயிலிருந்து மறையவில்லை.

தாய்ப்பலகையின் நிரலைத் திருத்தினால் நுண்செயலியின் நோய் எவ்வாறு தணியும் என்று நேயர்கள் வினவக்கூடும். நுண்செயலிக்குள்ளும் நுண்கட்டளைகள் என்ற ஒரு நிரல் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொறிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞர் 1951இல் முன்வைத்த கருத்து அது. 1994இல் இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் நுண்செயலி சில வகுத்தற் கணக்குகளில் பிழைவிட்டது. அப்பிழையை நிரலால் திருத்த வழியிருக்கவில்லை. ஆகவே கேட்டவர்களுக்கெல்லாம் புதிய நுண்செயலி கொடுக்கவேண்டியதாயிற்று. அதன்பொருட்டு அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 47 கோடியே 50 இலட்சம் டொலர். அடுத்த தலைமுறையில் வந்த பென்ரியம் புறோ முதலாக, நுண்கட்டளைகளுக்குத் திருத்தம் ஏற்றும் வசதி நுண்செயலிக்குள் அமைந்தது. எனினும் அத்திருத்தம் நுண்செயலியிலே நிலைத்திருப்பதில்லை. மின்சாரம் நின்றதும் அது மறைந்துவிடும். ஆகவே கணினி எழும் ஒவ்வொரு முறையும் நிலைபொருள் அதனைப் புதிதாக ஊட்டவேண்டும். தாய்ப்பலகையைப் புதுப்பித்தால் நுண்செயலியின் நடத்தை மாறுவதன் இரகசியம் இதுவே.

இனி, முன்னர் கூறிய நோய்க்கு வருவோம். 2022 ஒக்ரோபரில் இன்ரெல் தனது 13ஆம் தலைமுறை மேசைக் கணினி நுண்செயலிகளையும், 2023 ஒக்ரோபரில் 14ஆம் தலைமுறையையும் விற்பனைக்கு விட்டது. அவற்றுள் வேகம் மிகுந்த வகைகளிலேயே தொல்லை பெரிதும் காணப்பட்டது. விளையாட்டு நிரல்கள் தமது தரவுகளைச் சுருக்கிக் கட்டி வைத்திருக்கும். அவற்றை அவிழ்க்கும் வேலை நுண்செயலிக்குரியது. அவிழ்க்கும்போது நுண்செயலி ஒரு கணக்கைப் பிழையாகச் செய்தால் தரவு கெட்டுவிடும். கெட்ட தரவைப் பெற்ற நிரல் காரணம் அறியாது திகைத்து, நினைவகம் போதவில்லை என்று முறையிடும். பிழைவிட்டது ஒருவர், பழி சுமந்தது மற்றொருவர்.

2024 யூலையில் இன்ரெல் நிறுவனம் காரணத்தைப் பகிரங்கப்படுத்தியது. நுண்கட்டளைகளில் இருந்த ஒரு வழுவினால், நுண்செயலி தனக்கு வேண்டியதிலும் கூடிய மின்னழுத்தத்தைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு செப்ரெம்பரில் விளக்கம் மேலும் தெளிவாயிற்று. நுண்செயலியின் துடிப்புகளை உறுப்புகள் எங்கும் பரப்பும் சுற்று, மிகுந்த மின்னழுத்தத்தாலும் வெப்பத்தாலும் காலத்துக்கு முந்தி மூப்படைகின்றது. மூப்படைந்தபின், முன்னர் போதியதாயிருந்த மின்னழுத்தம் அதற்குப் போதாமற் போகின்றது. போதாத நேரத்தில் கணக்குப் பிழைக்கின்றது, கணினி விழுகின்றது.

இதற்கு நான்கு நிலைமைகள் காரணமாகக் காட்டப்பட்டன. முதலாவது, சில தாய்ப்பலகைகள் வேகத்தை நாடி, இன்ரெல் பரிந்துரைத்த வரம்புக்கு மேலான மின்வலுவை வழங்கியமை. இரண்டாவது, வெப்பம் ஏறியபின்னும் வேகத்தைக் குறைக்காத விதி. இது 2024 யூனில் 125 என்று முடியும் திருத்தத்தால் சீராக்கப்பட்டது. மூன்றாவது, அடிக்கடி உயர் மின்னழுத்தம் கேட்ட விதி. ஓகஸ்ட் மாதத்தில் வந்த 129 என்ற திருத்தம் 1.55 வோல்ற்றுக்கு மேற்பட்ட கோரிக்கைகளைக் கட்டுப்படுத்தியது. நான்காவது, கணினி வேலையின்றி இருக்கும்போதும், சிறு வேலை செய்யும்போதும் கூட மின்னழுத்தம் உயர்ந்தமை. செப்ரெம்பரில் வந்த 12பி என்ற திருத்தம் அதனையும் முந்தியவற்றையும் உள்ளடக்கியது. நாட்கணக்கில் ஓயாமல் சிறு வேலையில் ஈடுபட்டிருக்கும் கணினிகளுக்காக 2025 மே மாதத்தில் 12எப் என்ற மேலதிகத் திருத்தமும் வந்தது. இவையெல்லாம் தாய்ப்பலகை உற்பத்தியாளர் வெளியிட்ட புதிய பயோஸின் உள்ளே பொதிந்து வந்தன.

இங்கேதான் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி உண்டு. இந்த மருந்து மேலும் கெடாமற் காக்கும், கெட்டதைச் சீராக்காது. அளவுக்கு மிஞ்சிய பாரத்தால் நைந்துபோன துலாக்கயிற்றில் இனிச் சிறு வாளியே கட்டப்படும் என்று விதித்தால், மேலும் நைவது குறையும். ஆனால் நைந்த இழை மீண்டும் முறுக்கேறாது. மூப்படைந்த சுற்றும் அவ்வாறே. இதனை இன்ரெல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2024 ஓகஸ்டில், பாதிக்கப்படக்கூடிய வகைகளுக்கு உத்தரவாதக் காலத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. பெட்டியிலிட்டு விற்கப்பட்ட நுண்செயலிக்கு மூன்றாண்டாயிருந்த காலம் இவ்வாறு ஐந்தாண்டாயிற்று.

ஆதலால் இத்தகைய கணினியை உடையவர் இரு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். இன்னும் தொல்லை தோன்றாத கணினியாயின், நிலைபொருளைப் புதுப்பித்தல் காப்பு. அதனைப் பின்போடுவது அறிவுடைமையன்று. ஏற்கெனவே விழுந்தெழும்பும் கணினியாயின், புதுப்பித்துப் பார்க்கவேண்டும். அதன் பின்னும் விழுமாயின் மறுபடி மறுபடி நிலைபொருளை மாற்றுவதில் பயனில்லை. உத்தரவாதம் முடியுமுன் விற்றவரிடமோ உற்பத்தியாளரிடமோ நுண்செயலியை மாற்றித் தரும்படி கேட்பதே வழி. காலத்தை வீணே கடத்துபவர் கணினியை மட்டுமன்றி அந்த உரிமையையும் இழப்பர்.

கணினி விழுவதெல்லாம் நிலைபொருளின் குறையன்று என்பதையும் மறத்தலாகாது. தூசி அடைத்த விசிறி, நலிந்த மின்வழங்கி, பழுதடைந்த நினைவகம் ஆகியனவும் அதே அறிகுறியைக் காட்டும். முதலில் வெப்பத்தை அளந்து பார்க்கவேண்டும். மெம்டெஸ்ட்86 போன்ற நிரலால் நினைவகத்தைச் சோதிக்கவேண்டும். நினைவகம் அதன் இயல்பான வேகத்துக்கு மேலாக முடுக்கப்பட்டிருந்தால், அதனை நிறுத்திப் பார்க்கவேண்டும். இவற்றின் பின்னரே, பயோஸின் தற்போதைய பதிப்பு எது, உற்பத்தியாளர் புதிய பதிப்பில் எவற்றைத் திருத்தியதாகக் கூறுகின்றார் என்று ஒப்புநோக்குதல் முறை. குறையில்லாது ஓடும் கணினிக்கு, அதற்குப் பொருந்தும் திருத்தம் எதுவும் புதிய பதிப்பில் இல்லையெனில், அதைத் தொடாதிருப்பதில் தவறில்லை.

ஏனெனில் இந்தச் சிகிச்சைக்கும் ஓர் ஆபத்து உண்டு. நிலைபொருள் எழுதப்படும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் தடைப்பட்டால், தாய்ப்பலகை விழித்தெழவே இயலாத நிலைக்கு ஆளாகலாம். நிலைபொருள் கெட்டால் என்ன நேரும் என்பதை உலகம் 1999 ஏப்பிரில் 26ஆம் நாள் கண்டது. சி.ஐ.எச். என்ற நச்சுநிரல் அன்று விழித்து, வட்டுகளின் தரவை அழித்ததோடு, சில வகைத் தாய்ப்பலகைகளில் பயோஸையும் கெடுத்தது. அக்கணினிகள் சில்லு மாற்றப்படும்வரை உயிரற்றுக் கிடந்தன.

ஆகவே புதுப்பிக்க முனைபவர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் வேண்டும். முக்கியமான ஆவணங்களுக்கு முதலிற் பிரதியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். வட்டு பிற்லொக்கர் முறையால் பூட்டப்பட்டிருப்பின், அதன் மீட்புச் சாவி எண்ணை எழுதிவைத்து, அப்பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துதல் வேண்டும். அன்றேல் புதுப்பித்தபின் தமது வட்டே தமக்குத் திறவாது. தாய்ப்பலகையின் பெயரையும், திருத்தப் பதிப்பு எண்ணையும் பலகையிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டு, உற்பத்தியாளரின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே கோப்பைப் பெறல் வேண்டும். அதனைப் பென்ட்ரைவில் ஏற்றி, பயோஸுக்குள்ளேயே அமைந்த கருவியால் எழுதுதல் நன்று. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் யூ.பி.எஸ். இன்றி இவ்வேலையிற் கைவைத்தல் ஆகாது. சில பலகைகளில் பின்புறத்துப் பொத்தான் ஒன்றால் நிலைபொருளை மீட்கும் வசதி உண்டு. அது உள்ளதா என்று முன்கூட்டியே அறிந்திருத்தல் துணிவு தரும். எழுதி முடிந்ததும் முந்திய அமைப்புகள் பல இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். அப்போது மின்வலு வரம்பை இன்ரெல் பரிந்துரைத்த இயல்பு அமைப்பிலேயே விடுதல் வேண்டும். சிறிது வேகத்துக்காக அந்த வரம்பை மீண்டும் தளர்த்துபவர், மருந்தை உண்டு பத்தியத்தை முறித்தவர் ஆவர்.

இத்தகைய குறை ஒரு நிறுவனத்துக்கு மாத்திரம் உரியதன்று. 2023இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் றைசன் 7000 வரிசையில் சில நுண்செயலிகள் மிகை மின்னழுத்தத்தால் எரிந்தபோது, ஒரு பகுதியின் மின்னழுத்தத்தை 1.3 வோல்ற்றுக்கு மட்டுப்படுத்திய புதிய நிலைபொருளே அங்கும் காப்பாக வந்தது. வேகத்திலே போட்டியிடும் உலகில் ஒவ்வொரு சில்லும் அதன் தாங்குதிறனின் எல்லைக்கு அருகே ஓட்டப்படுகின்றது. அந்த எல்லையைக் காக்கும் வேலி, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு நிரல். வேலியிலே பொத்தல் இருப்பதாக அறிவித்தல் வந்த அன்றே அதை அடைப்பவர் பயிரைக் காப்பார். பயிர் மேயப்பட்டபின் அடைப்பவருக்கு எஞ்சியிருப்பது நட்டஈடு கேட்கும் உரிமை ஒன்றே. அதற்கும் ஒரு தவணை உண்டு.