பணிமனையில் தொடங்கிய விபத்து



2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து லெஃப்ளோர் மாவட்டத்தில், சோயா வயல்களுக்கு மேலே நடுவானிலேயே உடைந்து விழுந்த ராணுவப் போக்குவரத்து விமானம் ஒன்று, தன்னுள் இருந்த 16 பேரில் ஒருவரைக்கூட உயிரோடு விட்டுவைக்கவில்லை. அவர்களில் 15 பேர் மரைன் படையினர். ஒருவர் அப்படையினரோடு சென்ற கடற்படை மருத்துவப் பணியாளர். அது போர்க்களத்துக்குச் சென்ற விமானம் அன்று. எதிரியின் ஏவுகணையும் அதைத் தொடவில்லை. வட கரோலினாவின் செர்ரி பாயின்ட் தளத்திலிருந்து கலிபோர்னியாவின் எல் சென்ட்ரோ தளத்துக்கு வீரர்களையும் தளவாடங்களையும் ஏற்றிச் சென்ற வழக்கமான பயணம் அது. உயிர்கள் போன இடம் மிசிசிப்பி. அவை போவதற்குக் காரணமான தவறு நடந்த இடமோ, ஜார்ஜியா மாநிலத்தின் வார்னர் ராபின்ஸ் நகரில் அமெரிக்க விமானப்படை நடத்தும் பெரும் பராமரிப்புப் பணிமனை. நடந்த காலம், விபத்துக்கு ஆறு ஆண்டுகள் முந்தைய 2011.

ஆறு ஆண்டுகள் மறைந்திருந்து கொன்ற அந்தத் தவறு எத்தகையது என்பதை அறிய, விமானத்தின் அமைப்பைச் சிறிது அறிந்துகொள்வது தேவையாகிறது. விழுந்தது கேசி-130டி ரகம். அதாவது, 1954இல் முதன்முதலில் பறந்து, இன்றும் பல நாட்டு விமானப்படைகளின் சுமைதூக்கியாக விளங்கும் சி-130 ஹெர்குலிஸ் விமானத்தின், வானில் பறந்தபடியே பிற விமானங்களுக்கு எரிபொருள் வழங்கவல்ல ஒரு வகை. அதன் நான்கு எஞ்சின்களும் தலா ஒரு புரொப்பல்லரை, அதாவது காற்றைப் பின்னே தள்ளி விமானத்தை முன்னே செலுத்தும் விசிறியைச் சுழற்றுகின்றன. ஒவ்வொரு விசிறிக்கும் நான்கு அலுமினிய அலகுகள். முனையிலிருந்து முனைக்கு நான்கு மீட்டருக்கும் சற்று மேற்பட்ட அகலம். நிமிடத்துக்கு 1,020 சுற்றுகள், அதாவது நொடிக்கு 17 சுற்றுகள். இந்த வேகத்தில் ஒவ்வோர் அலகும் தன் அடியிலிருந்து பிய்த்துக்கொண்டு வெளியே பாய முயல்கிறது. டன் கணக்கில் அமையும் அந்த இழுவிசையைத் தாங்கிப் பிடித்திருப்பது அலகின் அடித்தண்டு மட்டுமே. அந்த அடித்தண்டின் உட்புறம் துளையுடையது. பறக்கும் நாட்களில் எவர் கண்ணுக்கும் அத்துளையின் சுவர் தெரிவதில்லை.

விபத்துக்குள்ளான விமானத்தில், இரண்டாம் விசிறியின் நான்காம் அலகில், இந்தத் துளையின் சுவரில்தான் அரிப்பு குடியிருந்தது. அலுமினியத்தில் துருவைப் போலச் செம்பொடி உதிர்வதில்லை. ஆங்காங்கே ஊசிமுனை அளவுக் குழிகள் தோன்றி உள்நோக்கி வளர்கின்றன. இதைக் குழி அரிப்பு என்பர். உலோகம் என்பது நுண்ணிய படிகமணிகள் நெருங்கி அமைந்த ஒன்றாதலால், குழியின் அடியிலிருந்து புறப்படும் விரிசல், மணிகளைப் பிளக்காமல், அவை ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் எல்லைகளின் வழியே வழி தேடிக்கொண்டு செல்லக்கூடும். அதன் பிறகு ஒவ்வொரு பறப்பும், ஒவ்வொரு சுழற்சியும், ஓயாத இழுப்பாலும் அதிர்வாலும் அந்த விரிசலைச் சிறிது சிறிதாக நீட்டுகின்றன. மீண்டும் மீண்டும் வரும் சுமையால் உலோகம் இவ்வாறு வலுவிழப்பதையே உலோகச் சோர்வு என்று பொறியியலார் குறிக்கின்றனர். எஞ்சிய உலோகம் சுமையைத் தாங்க முடியாத எல்லையை விரிசல் எட்டும்போது, முன்னறிவிப்பு ஏதுமின்றி அலகு கழன்றுவிடுகிறது.

அன்று சுமார் 20,000 அடி உயரத்தில் நடந்தது அதுவே. கழன்ற அலகு விமானத்தின் இடப்பக்கச் சுவரைத் துளைத்து, வீரர்கள் அமர்ந்திருந்த கூடத்தைக் குறுக்கே கடந்து, வலப்பக்க உட்சுவரில் சென்று செருகியது. சமநிலை இழந்த விசிறியும் இந்த மோதலும் எழுப்பிய அதிர்ச்சி விமானம் முழுவதும் பரவ, மறுபுறத்து மூன்றாம் எஞ்சினின் விசிறியைத் தாங்கிய தண்டு முறிந்தது. அந்த விசிறி முழுவதுமாகக் கழன்று விமானத்தின் உடலில் மோதி, பின்னே பறந்து வால்பகுதியின் கிடைநிலைச் சிறகையும் தாக்கியது. விமானம் துண்டுகளாகப் பிரிந்தது. விமானிகள் எவ்வளவு திறமை உடையவராயினும் தடுத்திருக்க இயலாத விபத்து இது என்று விசாரணை கூறியது. இறந்தவர்களின் நினைவுக்கு இது செய்யும் நியாயம் சிறிதன்று. ஏனெனில், விமானம் விழுந்தவுடன் பழியைத் தேடும் உலகின் விரல் முதலில் நீள்வது, பதில் சொல்ல இயலாத விமானியின் பக்கமே.

2018 டிசம்பரில் வெளியான விசாரணை அறிக்கையின் உயிர்நிலையான பகுதி, அரிப்பின் வயதைக் கண்டறிந்த விதம். முழுச் சீரமைப்புக்காக, அதாவது தொழிலாளர் வழக்கில் ஓவர்ஹாலுக்காக, அந்த அலகு 2011இல் வார்னர் ராபின்ஸ் பணிமனைக்குச் சென்றது. அங்குச் செய்ய வேண்டிய வேலையின் வரிசை தெளிவானது: பழைய பூச்சை நீக்க வேண்டும், அரிப்பைத் தேடிக் காண வேண்டும், கண்டதை முற்றிலும் அகற்ற வேண்டும், அகற்ற இயலாத அளவுக்கு ஆழமானால் அலகையே கழிக்க வேண்டும், இவை முடிந்த பின்னரே அனோடைசிங் எனப்படும் காப்புப் படலத்தை, மின்வேதி முறையில் உலோகத்தின் மேல் வளர்க்க வேண்டும். விபத்துக்குப் பின் ஆராய்ந்தபோதோ, அரிப்புக் குழியின் உள்ளேயும் விரிசலின் உள்ளேயுமே அனோடைசிங் படலம் காணப்பட்டது. படலம் வைக்கப்பட்ட நாளுக்கு முன்பே குழி அங்கே இருந்தது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டுவதில்லை. நோயை நீக்காமல் புண்ணின் மேல் தோலை மூடித் தைத்தது போன்ற செயல் அது. காப்பதற்கென்று இடப்பட்ட படலமே தவறு நடந்த காலத்தைத் தன்னுள் பதித்துவைத்து, பின்னர் அதற்குச் சாட்சியாகவும் நின்றது.

அரிப்பைத் தொழிலாளர் ஒருவரின் கண் தவறவிட்டதோடு இது முடிந்திருந்தால், மனித இயல்பின் குறை என்று ஒருவாறு கருதலாம். ஆனால் அந்த விமானத்தின் பிற அலகுகளிலும் கவனிக்கப்படாத அரிப்பு கண்டறியப்பட்டதால், குறை ஒரு கையினுடையதாக இல்லாமல் பணிமுறையினுடையதாகவே இருந்தது என்று கொள்ள வேண்டியுள்ளது. விமானப்படையின் பணிமனையில் கடற்படையின், மரைன் படையின் அலகுகளும் சீரமைக்கப்பட்டன. கடற்படை வகுத்த நடைமுறை அங்கே முறையாகப் பின்பற்றப்படவில்லை. அப்பணியின் தரத்தை நேரில் மேற்பார்க்கும் வழக்கத்தையும் கடற்படை 2009இலேயே கைவிட்டிருந்தது. ஒருவர் பொருளை மற்றொருவர் பழுது பார்க்க, பொருளுக்கு உரியவர் திரும்பிப் பாராதிருந்த அந்த இடைவெளியில்தான் அரிப்பு தப்பிச் சென்றது. விமானத்தை இயக்கிய படையணியின் அளவிலும், உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அது பிறழும் இடத்தைக்கொண்டு விரிசலை அறியும் சுழல் மின்னோட்டச் சோதனை போன்ற வாய்ப்புகள் இருந்தும், அவை பயன்படவில்லை. இவ்வாறு அந்த அலகு 1,300 மணி நேரத்துக்கு மேல் பறந்தது.

அதைச் சீரமைத்தவர் யார், சோதித்தவர் யார், சரியாக உள்ளது என்று ஒப்பமிட்டவர் யார் என்பதை விசாரணையாளர்களால் கண்டறிய முடியவில்லை. பணிமனை தன் பதிவுகளை இரண்டு ஆண்டுகள் மட்டுமே காத்துவந்ததால், 2011ஆம் ஆண்டின் தாள்கள் 2017இல் இல்லாமற் போயின. இந்த வரலாறு முழுவதிலும் மிகுந்த துயரத்துக்கும் சினத்துக்கும் உரிய செய்தி இதுவே. பதிவு என்பதை வேலை முடிந்த பின் நிரப்பும் சடங்காகக் கருதும் மனப்போக்கு பல நாட்டு அலுவலகங்களிலும் வேரூன்றியுள்ளது. விமானப் பராமரிப்பிலோ ஒப்பமே வேலையின் ஒரு பாகம். தன் பெயர் அந்த அலகோடு சேர்ந்து பறக்கும் என்று அறிந்த தொழிலாளி துளையின் சுவரை இரண்டாம் முறையும் பார்ப்பார். அலகு பல ஆண்டுகள் உழைக்கும் என்று தெரிந்தும், அதன் பதிவுக்கு இரண்டே ஆண்டு ஆயுள் விதித்தவர்கள், பிழையைத் தேடும் வழியையும் திருந்தும் வழியையும் ஒருசேர அடைத்துவிட்டனர்.

2024இல் அந்தப் பணிமனையின் முன்னாள் பொறியாளர் ஒருவர் மீது, புலனாய்வாளர்களிடம் பொய்யுரைத்ததாகவும் நீதி விசாரணைக்கு இடையூறு செய்ததாகவும் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. குற்றச்சாட்டு தீர்ப்பாகாது, ஆயினும், 16 குடும்பங்கள் இத்தகைய ஒரு நடவடிக்கைக்காக ஏழு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது என்பது கருதத்தக்கது.

பிரிட்டனுக்கு நேர்ந்தது இதனோடு ஒப்பிட்டு நோக்கற்குரியது. 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் கந்தஹார் அருகே தீப்பற்றி விழுந்து 14 பேரைப் பலிகொண்ட நிம்ராட் எக்ஸ்வி230, போக்குவரத்து விமானமன்று, கண்காணிப்பு விமானம்; எனினும் அங்கும் காரணம் நிலத்தில்தான் இருந்தது. வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் 2009இல் அளித்த அறிக்கை, விமானத்தின் பாதுகாப்பை ஆராய்ந்து எழுதப்பட்ட ஆவணமே தகுதியற்றது என்று நிறுவியதோடு, பொறுப்புடைய நிறுவனங்களையும் தனிமனிதர்களையும் பெயர் சுட்டிக் குறை கூறியது. அதன் விளைவாக ராணுவ வானூர்திகளின் பாதுகாப்பை மேற்பார்க்கத் தனி ஆணையம் 2010இல் பிறந்தது. அங்கே தாள்கள் எஞ்சியிருந்ததால் அவற்றைக் கேள்வி கேட்க முடிந்தது.

2018 மே 2ஆம் நாள், ஜார்ஜியாவின் சவானா அருகே, புவேர்ட்டோ ரிக்கோ தேசியக் காவற்படையின் டபிள்யூசி-130 விமானம் விழுந்து ஒன்பது பேர் இறந்ததும் இங்கே குறிப்பிடத் தகும். ஐம்பது வயது கடந்த அந்த விமானம், பழைய விமானங்கள் ஓய்வுபெறும் அரிசோனாவின் டூசான் நகருக்குத் தன் இறுதிப் பயணத்தைத் தொடங்கியிருந்தது. முதல் எஞ்சின் செயலிழந்தபோது விமானி செய்த தவறான இயக்கமே முதன்மைக் காரணம் என்றது விசாரணை. ஆனால் அதே எஞ்சினின் சுழல்வேகக் கோளாறு முன்னரே அறியப்பட்டும், பராமரிப்பாளர்கள் அதை முறையாகக் கண்டு தீர்க்கவில்லை என்பதையும் அது பதிவு செய்தது.

சி-130இன் புதிய வகைகள் இன்று வேறு விசிறிகளோடு பறக்கின்றன. இந்திய விமானப்படையின் சி-130ஜே விமானங்களில் உள்ளவை ஆறு அலகுகள் கொண்ட கலப்புப் பொருள் விசிறிகள். ஆனால் நான்கு அலுமினிய அலகுகளோடு கூடிய பழைய வகையை, இலங்கை விமானப்படை உட்பட, பல நாடுகள் பல்லாண்டுகளாக இயக்கி வந்துள்ளன. அந்த அலகுகள் ஒவ்வொன்றிலும் வரிசை எண் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த எண்ணின் கீழ், எந்த நாளில் எவர் அதைத் திறந்தார், என்ன கண்டார், எதை அகற்றினார், எவர் ஒப்பமிட்டார் என்னும் பதிவு, அலகு உருக்கப்படும் நாள்வரை அழியாமல் இருக்க வேண்டும் என்பதைச் சட்டமாகவே ஒவ்வொரு படையும் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிய பின், அந்தப் பதிவேட்டைப் பணிமனைக்கு வெளியிலிருந்து ஒருவர் ஆண்டுதோறும் திறந்து பார்க்க வேண்டும்.