சிங்கப்பூர் ஞாயிற்றுக்கிழமை



தங்கச்சி பிரசவத்துக்காக சிங்கப்பூரில் ரெண்டு மாசம் தங்கியிருந்தேன். வீடு பதினோராவது மாடி. துணியைக் கம்பில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டித்தான் காயப்போடணும். தமிழும் அங்கே ஆட்சிமொழி. ரயில் நிலையத்தில் பேரைத் தமிழிலேயே படித்து, நாலாவது வாரமே தேக்கா மார்க்கெட்டுக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வந்தேன்.

ஆனால் மனசில் நிற்பது அங்கத்து ஞாயிற்றுக்கிழமைதான். வீட்டுவேலைக்கு வந்திருக்கிற பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மியான்மர் பெண்கள் புல்வெளியில் பாய் விரித்து உட்காருவார்கள். கொண்டுவந்த சோற்றைப் பங்கு போட்டுச் சாப்பிடுவார்கள். ஊரில் விட்டுவந்த பிள்ளைகளோடு போனில் பேசுவார்கள். அவர்களுக்கு வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2013-ல் சட்டம் வந்ததாம். ஓய்வு நாளிலும் வேலை செய்தால் அதற்குத் தனிச் சம்பளம்.

நம்ம அடுப்புக்கு என்றைக்கு லீவு? இந்தக் கூட்டத்துக்குக்கூட பொங்கி வச்சுட்டுத்தானே ஓடி வந்தோம்?

மாசத்தில் ஒரு ஞாயிறாவது கணக்கு நோட்டு இல்லாமல், சும்மா பேசிச் சிரிக்க நாம் கூடணும். அன்னைக்குச் சமையலை வீட்டில் இருக்கிறவங்க பார்த்துக்கட்டும். இதைத் தீர்மானமாகவே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.