வரலாறு நமது பிள்ளைகளின் பாடம்

(தோட்டக் கல்விக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு கட்டாயப் பாடம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் கடன்பட்டாவது ரியூசன் தேடுகிறோம். வரலாறு என்றால் மட்டும், "பாடமாக்கினால் போதும்" என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகளும் ஆண்டுகளைப் பாடமாக்குகிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். யாரோ ஒருவருடைய கதை என்று நினைப்பதால்தான் அது மறக்கிறது. பிள்ளைகளே, அது உங்கள் அப்பாயியின் கதை.

டொனமூர் அரசியலமைப்பைப் படிக்கிறீர்கள். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. நமது மக்களுக்கு அதிலும் நிபந்தனைகள் இருந்தன. ஆனாலும் கிடைத்த வாக்கை வீணாக்கவில்லை. 1936இல் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரை அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. வேறு தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தன.

அடுத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1947க்கும் 1948க்கும் என்ன தொடர்பு? அந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைதான் வரலாறு படிக்கிற பிள்ளை. ஆண்டை மட்டும் சொல்கிற பிள்ளைக்கு ஒரு புள்ளி கிடைக்கும். காரணத்தைச் சொல்கிற பிள்ளையை நாளைக்கு எவரும் ஏமாற்ற முடியாது.

1964இல் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிகுதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்து நிறுப்பதுபோல மனிதரை நிறுத்தார்கள். அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள ட்ரங்குப் பெட்டியைத் திறவுங்கள். பழைய பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், சங்கச் சந்தா அட்டை, இந்தியாவிலிருந்து வந்த கடிதம், எது இருந்தாலும் பிள்ளைக்குக் காட்டுங்கள். பழைய காகிதம் என்று அடுப்பில் போடாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் நடந்ததைச் சொல்லுங்கள்.

மாணவர்களே, அந்தக் காகிதத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதை யார் எழுதியது? எப்போது? எதற்காக? பிறகு பாடப்புத்தகத்திடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். அதில் நம்மைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். குறைவாக இருந்தால், மீதியை எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான்.

காணி உரிமையும் வீட்டு உறுதியும் கேட்டு இன்றும் நிற்கிறோம். "எத்தனை தலைமுறையாக இங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், ஆண்டோடும் ஆதாரத்தோடும் பதில் சொல்ல நமது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகவே வரலாறு படிக்கட்டும்.