கிரயம் கொடுத்தவர் யார்?

(ஆகஸ்ட் 10 கறுப்பு நாளையொட்டி எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

மேடையில் இருக்கும் போதகர் அய்யாவுக்கும், வலை வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும் நெட்டுக்குப்பத்து அண்ணன்களுக்கும், எர்ணாவூர் சுனாமி குடியிருப்பிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘சீடத்துவத்தின் விலைக்கிரயமும் பலனும்’. போதகர் அய்யா வைத்த தலைப்பு இது. நான் பிரசங்கி இல்லை, இயக்கத்துக்காரன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்காருகிற ஆள்தான். இந்தத் தலைப்பில் சிறுவயதிலிருந்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். சினிமாவை விடு, குடியை விடு, நகையைக் கழற்று, தசமபாகம் கொடு. விலைக்கிரயம் என்றால் இவ்வளவுதான் என்று நினைத்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். இந்த மண்ணில் இயேசுவின் பின்னால் போனதற்கு உண்மையிலேயே என்ன விலை, அதை யார் கொடுத்தார்கள் என்று ஒரு பிரசங்கமும் சொன்னதில்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன்.

எழும்பூர் காந்தி இர்வின் பாலத்தருகே, சாலையோரத்தில் உட்கார்ந்து செருப்பு தைத்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறித்தவர். 1980களின் தொடக்கத்தில், சாலையோரம் செருப்பு தைப்பவர்களுக்கு இலவசமாக பங்க் கடை கொடுக்கும் திட்டம் வந்தது. பட்டியல் சாதியினர் நலனுக்கான ஒன்றிய அரசு நிதியில் வந்த திட்டம். சூசைக்கு மட்டும் கிடைக்கவில்லை. அவர் கிறித்தவர், அதனால் பட்டியல் சாதி இல்லை என்றார்கள். நன்றாக யோசியுங்கள். தொழில் மாறவில்லை, உட்கார்ந்த இடம் மாறவில்லை, தோலைத் தொடுகிற கை மாறவில்லை. சாமி மட்டும்தான் மாறியிருந்தது.

சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது, தோற்றுப்போனார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தச் சாதியால் வரும் கொடுமை புதிய மதத்துக்குள்ளும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதை நிறுவ வேண்டும், அதற்குப் போதுமான ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம். வெயிலில் உட்கார்ந்து செருப்பு தைக்கிறவர் அதை எங்கே போய்த் திரட்டுவார்? திரட்ட வேண்டிய பொறுப்பு யாருக்கு இருந்தது? அரசுக்கு இருந்தது. அதைவிட அதிகமாக, அவரைச் சகோதரன் என்று அழைத்த திருச்சபைக்கு இருந்தது.

இதற்கெல்லாம் வேர் 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை. அதன் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். பௌத்தர்களைச் சேர்க்க 1990 ஆனது. பாபாசாகேப் பின்னால் நாக்பூரில் தீட்சை வாங்கியவர்கள் ஒன்றிய அரசின் பட்டியலுக்குள் திரும்பி வர 34 ஆண்டு காத்திருந்தார்கள் என்று பொருள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள்.

வெளியே நிற்பது என்றால் என்ன? இட ஒதுக்கீடு போகிறது, அது எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் மாறிய ஆதிதிராவிடர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஊரையே அடிமையாக வைத்திருந்தவர்களோடு அதே வரிசையில் போட்டி போட வேண்டும். தேர்தலில் நிற்கும் உரிமையும் போகிறது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் பொன்னேரி தனித் தொகுதி. அங்கே தலித் கிறித்தவர் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் போகிறது. 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம், சாதி சொல்லித் தாக்கினார்கள் என்று புகார் கொடுத்த ஒரு போதகரின் வழக்கில், நீங்கள் கிறித்தவர், இந்தச் சட்டம் உங்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்தா அடிக்கிறான்?

இந்தக் குப்பத்தில் நின்றுகொண்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மீனவச் சாதிகள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் மீனவர் என்ற பெயருக்குப் பக்கத்திலேயே ‘கிறித்தவத்துக்கு மாறியவர்கள் உட்பட’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறது. அது நியாயம். கடலில் போகிறவன் மாதாவைக் கும்பிட்டாலும் அம்மனைக் கும்பிட்டாலும் அலை ஒன்றுதான், 2023 டிசம்பரில் கழிமுகத்தில் பரவிய எண்ணெயும் ஒன்றுதான். பழங்குடிகளுக்கும் மதத் தடை கிடையாது. அதனால், நெட்டுக்குப்பத்து அண்ணன் ஒருவர் நாளைக்கு ஞானஸ்நானம் எடுத்தால் அவருக்கு விலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருவிழா வரி கொடுக்காத வீட்டை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அவருடைய சாதிச் சான்றிதழில் எதுவும் மாறாது. சேரியிலிருந்து வந்து அதே தொட்டியில் மூழ்கி எழுகிறவர் மட்டும் எழும்போது கையில் இருந்த காகிதத்தை இழந்துவிட்டு எழுகிறார்.

இப்படி இருக்கும்போதுதான் ‘காசுக்கு மதம் மாறினான், அரிசிக்கு மாறினான்’ என்கிறார்கள் சங்கிகள். கொஞ்சம் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரி இடம், வேலை, தனித் தொகுதி, சட்டப் பாதுகாப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு எத்தனை மூட்டை அரிசி வாங்கினால் இது கட்டுப்படியாகும்?

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அக்கா பத்தாம் வகுப்புக்குப் பெயர் கொடுத்தபோது ஒரு வாத்தியார், நல்ல மனதோடுதான், மேரி என்று போடாதே, மாரி என்று போடு, பிழைத்துக்கொள்வாய் என்றார். வீட்டில் மேரி, சான்றிதழில் மாரி. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. சபையில் ஒரு பெரியவர் இதைக் கேள்விப்பட்டு, கர்த்தரை மறுதலித்துவிட்டாள் என்று பேசினார். அவர் பிறந்த சாதிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பேதுரு மூன்று தடவை மறுதலித்தார், அக்காவோ ஒவ்வொரு விண்ணப்பப் படிவத்திலும் மறுதலிக்க வேண்டியிருக்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறித்தவராக வாழ்ந்துகொண்டு இட ஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தின் மீது செய்யும் மோசடி என்றது. அவர் கேட்டது ஒரு எழுத்தர் வேலை. சபை துரோகம் என்கிறது, நீதிமன்றம் மோசடி என்கிறது. இரண்டு பேருமே, இவளை ஏன் இரண்டு பெயரோடு வாழ வைத்தோம் என்று கேட்டுக்கொள்வதில்லை.

சரி, மற்றவர்கள் என்ன விலை கொடுத்தார்கள்? சுவிசேஷத்தில் பணக்கார வாலிபன் ஒருவன் வருகிறான். எல்லாக் கற்பனைகளையும் கைக்கொண்டவன். உனக்கு உண்டானதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்துவிட்டு என் பின்னே வா என்கிறார் இயேசு. அவன் துக்கத்தோடு போய்விடுகிறான், மிகுந்த ஆஸ்தி இருந்ததால். நம் ஊரில் அந்த ஆஸ்திக்குப் பெயர் சாதி. இதைச் சும்மா சொல்லவில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அறவே கூடாது, தனித்தனியாக உட்காருவதும் தனித்தனியாக நற்கருணை வாங்குவதும் உடனே நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். என்ன நடந்தது தெரியுமா? இங்கே நம் வேப்பேரியிலும், தஞ்சாவூரிலும் வேளாளக் கிறித்தவர்கள் கூட்டமாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். இன்றும் கிறித்தவ வீடுகளில் பாட்டுப் பாடிக் கொண்டாடப்படும் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்காக வாதாடியவர்தான். இந்து சாமியை விட முடிந்தது, இந்து சாதியை விட முடியவில்லை.

இதில் பேதுருவையும் விட்டுவைக்கக் கூடாது. நம் இராயபுரம் என்ற பெயரே இராயப்பர் என்கிற பேதுருவிடமிருந்து வந்தது. அங்கே இருக்கும் புனித பேதுரு ஆலயம் படகோட்டிகள் கட்டியது. மீன்பிடிக்கிறவர், வலையை விட்டுவிட்டு வந்தவர், அதனால் நமக்கு நெருக்கமானவர். அந்தப் பேதுரு அந்தியோகியாவில் என்ன செய்தார்? யூதரல்லாதவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சொந்தக்காரச் சனம் வந்ததும் எழுந்து தனியாகப் போய்விட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். வலையை விடுவது பேதுருவுக்கு ஒரு நிமிட வேலையாக இருந்தது, பந்தியை விடத்தான் முடியவில்லை. என்னைக் கேட்டால் சீடத்துவம் பற்றி வேதத்தில் இருக்கும் மிக முக்கியமான பகுதி அதுதான். நம் சபைகளில் அதை வைத்து யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில், செத்தவர்களுக்கு நடுவே சுவர். விழுப்புரம் பக்கம் எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் வன்முறை, துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் சாவு. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. சூசையிடம் 1985இல் கேட்ட ஆதாரம் இதுதானே! ஆயர்கள் அதை 31 வருடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தால் எழும்பூரில் ஒரு பங்க் கடை முளைத்திருக்கும்.

போதகர் அய்யா சிரிக்கிறார். பலனைப் பற்றியும் பேசு என்கிறார். பேசுகிறேன்.

பலன் இருக்கிறது, இல்லையென்றால் இத்தனை விலை கொடுத்து யார் நிற்பார்கள்? என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். வேதத்தை வைத்துத்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார். அதைவிடப் பெரிது, வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்வார். நாற்பது பேர் முன்னால், மைக் பிடித்து. வேலை செய்த வீடுகளில் அம்மாவை யாரும் உட்காரக்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மா ‘என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன்’ என்று ஆரம்பித்தால் கூட்டமே அமைதியாகக் கேட்கும். நான் இன்று இந்த மைக் முன்னால் நடுங்காமல் நிற்பது அங்கே பார்த்துக் கற்றதுதான். பாபாசாகேப் கிறித்தவத்தைப் பற்றி எழுதியதையெல்லாம் படித்திருக்கிறேன். மாறியவர்கள் சமூக அநீதியை எதிர்த்துப் போராடாமல் ஒதுங்கிவிட்டார்கள் என்று அவர் வைத்த விமர்சனம் சரியானது. ஆனால் அம்மா கையில் இருந்த அந்த மைக்கையும் நான் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

கார் வரும், வீடு வரும், விசா வரும் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்களே, அந்தப் பலனைப் பற்றி நான் பேச மாட்டேன். நேரம் வீண்.

விலை கொடுக்கத் தேவையில்லாத இடத்தில் இருந்துகொண்டு விலை கொடுத்தவர்களும் உண்டு. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி இயேசு சபைத் துறவி. எங்காவது ஒரு கல்லூரியில் மரியாதையாக ஓய்வு பெற்றிருக்கலாம். ஜார்க்கண்டில் ஆதிவாசிகளின் நிலத்துக்காகவும், விசாரணைக் கைதிகளாக அடைபட்டுக் கிடந்த அவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் நின்றார். 2020 அக்டோபரில் ஊபா சட்டத்தில் கைது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும், டம்ளர் பிடிக்க முடியாது, தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தில் மனு போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5, ஜாமீன் கிடைக்காமலே 84 வயதில் இறந்தார். அவர் பெயரில் பூசை வைக்கும் பங்குகள் அவர் செய்த வேலையையும் செய்தால் நன்றாக இருக்கும்.

சகேயு என்ற ஆயக்காரன் மரத்திலிருந்து இறங்கி வந்ததும் பாட்டுப் பாடவில்லை, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காய்த் திருப்பித் தருகிறேன் என்றான். சபைக்குள் இருக்கும் சாதிக் கிறித்தவர்களிடம் நாம் நாலு மடங்கு கேட்கவில்லை. கல்லறைச் சுவரை இடியுங்கள். உங்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் எத்தனை தலித் ஆசிரியர்கள் என்று எண்ணி வெளியிடுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாண விளம்பரத்தில் ‘கிறித்தவ’ என்ற சொல்லுக்குப் பிறகு வரும் சாதிப் பெயரை எடுங்கள். இனி விலை கொடுக்க வேண்டிய முறை உங்களுடையது.

அரசிடம் கேட்க வேண்டியதும் பாக்கி இருக்கிறது. மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இலேயே சொல்லிவிட்டது. 2004இல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருபது ஆண்டு தாண்டியும் இழுத்துக்கொண்டிருந்தது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள், இரண்டு ஆண்டு என்றார்கள், தவணையை நீட்டினார்கள். நம் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று, தலித் கிறித்தவர்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தைக் குறிப்பிட்டுத்தான் இன்றைய மனுவை எழுதியிருக்கிறோம். வாசலருகே மேசை போட்டிருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இரண்டு பெயர் வைத்திருப்பவர்கள் எந்தப் பெயரைப் போடுவது என்று யோசிப்பீர்கள். இப்போதுகூட அக்கா ஒருவர் வந்து என்னிடம் அதைத்தான் கேட்டார். அவர்களை நாங்கள் கட்டாயப்படுத்த மாட்டோம், வேலையில் இருப்பவர்கள் போட வேண்டாம். அவர்களுக்குப் பதிலாக மீனவ அண்ணன்கள் போடுங்கள். உங்கள் சான்றிதழுக்கு எதுவும் ஆகாது.