செஞ்சோற்றுக் கடன்



பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொலைக்காட்சித் தொடர் 1988 முதல் 1990 வரை 94 பகுதிகளாக இந்தியாவில் ஒளிபரப்பாகியது. வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ராசா, முஸ்லிம் எழுத்தாளர். செலண்டார் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நமக்கும் இந்தக் கதை புதிதல்ல.

அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வாழ்க்கைக் கொள்கை உண்டு. பீஷ்மருக்குச் சபதம் பெரிது. கர்ணனுக்கு நன்றி பெரிது. தேரோட்டி மகன் என்று சபை இகழ்ந்தபோது அங்க நாட்டைக் கொடுத்து உயர்த்தியவன் துரியோதனன். அதனால், பெற்ற தாய் குந்தியே வந்து அழைத்தும் கர்ணன் அணி மாறவில்லை. நம் பெண்கள் கண் கலங்குவது இந்த இடத்தில்தான்.

ஆனால் சூதாட்ட மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். திரௌபதி நியாயம் கேட்கிறாள். பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று நழுவுகிறார். கர்ணனோ அவளை இழித்துப் பேசுகிறான். விதுரர் கண்டிக்கிறார். நூறு கௌரவர்களில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்து, இது அநியாயம் என்கிறான். அவனும் அண்ணன் வீட்டுச் சோறு உண்டவன். பின்னர் போரில் அண்ணன் பக்கமே நின்று மடிந்தவன். கடனையும் தீர்த்தான், வாயையும் திறந்தான்.

முன்பணக் கடனோடு கப்பலேறிய நம் பாட்டன்மாருக்கு வாய் திறப்பது எளிதாக இருக்கவில்லை. வேலை வாங்கித் தந்தவர் சம்பளக் கணக்கைக் குறைத்து எழுதினால், “செய்த உதவியை மறக்கலாமா?” என்று இன்றும் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. கர்ணன் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம். விகர்ணன் என்று வைத்தவரை நான் பார்த்ததில்லை.